மந்திரி தேவைப்படாத ஊர்

இங்கிலாந்துக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தனிமையில் வாடும் தங்கள் ஜனங்களைக் கவனிப்பதற்கென்று 2018-இல் ஒரு மந்திரியையே போட வேண்டியதாகிவிட்டது. 2021-இல் ஜப்பானும் அதே காரியத்தைச் செய்தது. 2023-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, சொந்தபந்தம் அற்றுக் கிடப்பது தினம் பதினைந்து சிகரெட் பிடிப்பதற்குச் சமமாக ஆயுளைக் குறைக்கும் என்று அறிக்கை விட்டார். அந்த வருஷக் கடைசியில் உலக சுகாதார நிறுவனமும் தன் பங்குக்கு ஓர் ஆணையம் அமைத்தது. பணம் இருந்து என்ன, படிப்பு இருந்து என்ன? அங்கே ஒரு பெரியம்மா இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "சோறு தின்னியாத்தா?" என்று கேட்டுக்கொண்டே கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்றா இரண்டா என்று எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. மந்திரி போடாமல் வேறென்ன செய்வார்கள்?

எங்கள் மதுரையில் அரசாங்கத்துக்கு அந்தச் செலவே கிடையாது. தெருவுக்கு நாலு மந்திரிகள், சம்பளம் இல்லாமல், பயணப்படி இல்லாமல், நேரங்காலம் பாராமல் உழைக்கிறார்கள். மகனைக் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, அதே வருஷம் புருஷனையும் பிரிந்து, நான் தனி வீடு பார்த்து வந்தபோது அவர்களுடைய சேவையை முழுசாக அனுபவிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வாங்கிய உபகாரத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே இருக்கிற பேர்களே போதும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். பெரியம்மா, சித்தி, மாமா, மதினி, மதினியின் கூடவே அவள் அக்கா. இந்த அக்காவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. முன்பின் தெரியாதவள் துக்கத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க இந்த ஊரில் ஆள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் பார்க்கப் போவதுபோல் அரைக்கிலோ ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"குடியா?"

"இல்ல பெரியம்மா."

"தொடுப்பு கிடுப்பு?"

"அதெல்லாம் இல்ல."

"கை நீட்டுவாரா?"

"இல்ல பெரியம்மா."

என் கையை மெதுவாகத் தன் மடியிலிருந்து எடுத்து என் மடியிலேயே வைத்தார். "பின்ன என்னதான்த்தா குறை?" அந்த முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வந்தவருக்குக் கொடுத்தனுப்ப உருப்படியாக ஒரு காரணம் வைத்திருக்கவில்லை நான். இரண்டு பேர் பல வருஷமாக ஒரே வீட்டில் பேச்சற்றுப் போனதை எந்தத் தட்டில் வைத்துப் பரிமாறுவது? டீயாவது ஸ்ட்ராங்காகப் போட்டுக் கொடுத்தேன்.

புறப்படும்போது பெரியம்மா அடுப்படிக்குள் போய் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒராளுக்கு எதுக்குத்தா இத்தன பாத்திரம்?" கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த பித்தளை இட்லிக் கொப்பரை மேல்தட்டில் இருந்தது. எனக்குச் சுமை குறையட்டும் என்று அதை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். துக்கத்தில் பங்கு கேட்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு கனமான பங்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியவரை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் போன பிறகு தனிமை என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. டம்ளர் கழுவி வைத்து, ஐந்து பேர் சொன்ன ஐந்து தீர்ப்பையும் மனசில் ஒழுங்குபடுத்துவதற்குள் விடிந்துவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர்களை விட்டுவிட்டால் பாவம் வந்து சேரும். நான் வேலை பார்ப்பவள், சம்பளச் சீட்டு, ஆதார், எல்லாம் கையில் உண்டு. இருந்தும் வீடு தேடி அலைந்தபோது கே.கே. நகரில் தொடங்கி டி.வி.எஸ். நகர் வரை எல்லோருக்கும் கவலை வேறொருவரைப் பற்றியே இருந்தது.

"சார் எங்க வேல பாக்குறாரு?"

"நான்தான் வேலை பாக்கிறேன்."

"அது சரிம்மா. சாரு?"

இருக்கிற ஆளை விட்டுவிட்டு இல்லாத ஆளிடம் இவ்வளவு பிரியம் வைக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்! ஒருவர் வீட்டைக் கொடுக்க மனசார விரும்பினார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, மேல் மாடில வயசுப் பசங்க இருக்காங்க, அதான் யோசிக்கிறேன்" என்றார். நாற்பதைத் தாண்டி முழங்கால் பிடித்துக்கொண்டு படியேறுகிற என்னால் மாடிப் பையன்களின் படிப்பு கெடக்கூடும் என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் அவர். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் வீடு கிடைத்தது. கீழே சொந்தக்காரர், ஓய்வு பெற்றவர். ஒன்பதரைக்கு கேட் பூட்டு. என் வாசலுக்கு நேர் மேலே ஒரு கேமரா. அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னதும் பிளம்பர் பையனை அவரே கூட்டி வந்தார். அந்தப் பையன் உள்ளே வேலை பார்த்த நேரம் முழுக்கத் திறந்த கதவருகில் நின்று, வெயிலில் வியர்க்க வியர்க்கக் காவல் காத்தார். கல்யாண வாழ்க்கையில் நான் உள்ளே இருக்கிறேனா வெளியே போனேனா என்று யாரும் இந்த அளவுக்குக் கவனித்ததில்லை.

இப்படிப்பட்ட பாதுகாப்புக்கு நடுவிலும் எனக்கு நடுராத்திரியில் நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால் அது என் புத்திக்கோளாறு. இரண்டரை மூன்று மணிக்கு யாரோ உலுக்கியதுபோல் விழிப்பு வரும். இதயம் காதுக்குள் துடிக்கும், விரல்நுனி மரத்துப்போகும், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியில் நிற்கும். செத்துக்கொண்டிருக்கிறோம், பூட்டிய கதவை யார் வந்து திறப்பார்கள், கோயம்புத்தூருக்கு யார் போன் போடுவார்கள் என்று வரிசையாக ஓடும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் அடங்கும் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியாது. இ.சி.ஜி. எடுத்தேன். சுத்தமாக இருந்தது.

சுற்றத்தார் சளைக்கவில்லை. மாமா, "காஸு" என்று ஒரே சொல்லில் முடித்து ஓமத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். சித்தி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். மதினிதான் மூலகாரணத்தைக் கண்டுபிடித்தவள்: "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. யோசிக்காதீங்க." என்ன எளிமையான வைத்தியம்! இது முன்னாலேயே தெரிந்திருந்தால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி, அத்தனை டாக்டர்களைப் படிக்க வைத்திருக்க வேண்டாம். வாசலில் ஒரு போர்டு மாட்டினால் போதும்.

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் மனிதனை உலுக்கும் 43 சம்பவங்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டார்கள். துணை இறந்தால் 100. விவாகரத்து 73. கணவன் மனைவி பிரிந்து வாழ்ந்தால் 65. வீடு மாறினால் 20. தூக்கம் மாறினால் 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறினால் 15, குடும்பத்தார் கூடுவது கூடினாலோ குறைந்தாலோ 15. நல்ல காரியத்துக்கும் விலக்கில்லை. கல்யாணத்துக்கே 50 வைத்திருக்கிறார்கள். மாறுதல் எதுவானாலும் உடம்பு அதற்குக் கூலி கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. புகுந்த வீட்டார் தொல்லைக்கு வெறும் 29 போட்டிருப்பதைப் பார்த்ததும் அவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததில்லை என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். எனக்கு 160 வந்தது. 150-ஐத் தாண்டினால் உடம்பு படுத்த வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு அந்த 43-இல் இடமே இல்லை. அவர்களுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று அந்த இருவருக்கும் கை வந்திருக்காது.

ஜோசியர்தான் இவர்கள் எல்லோரையும்விட மேல். எனக்கு ஏழரைச் சனி. விரயமும் ஜென்மமும் முடிந்து பாதச் சனி நடக்கிறது, இன்னும் இரண்டரை வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று தேதியோடு சொன்னார். திருநள்ளாறு போய் வரச் சொன்னார். அத்தை ஒரு படி மேலே போய், போகிற வழியில் திருமணஞ்சேரியையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கி வரும் கோயில் அது. ஒரு கல்யாணத்தின் சாம்பல் ஆறுவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் போட்டுவைக்கும் அவர் முன்யோசனையை என்னவென்று சொல்ல!

சட்டத்துக்கு அந்த வேகம் இல்லை, ஆனால் பாசம் உண்டு. 1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரியும் வழி 1976-இல்தான் சேர்ந்தது. அதற்கும், ஒரு வருஷம் பிரிந்து இருந்துவிட்டு வந்தால்தான் பிரிவதற்கே மனுப் போடலாம். போட்ட பிறகு மனம் மாறக்கூடும் என்று இன்னும் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லவேளை, பெரியம்மா காதுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால் மேல்முறையீட்டுக்கு டெல்லிக்கே ரயில் ஏறியிருப்பார். மனைவி என்றும் இல்லாமல் முன்னாள் மனைவி என்றும் இல்லாமல், எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று தெரியாமல் கிடக்கும் அந்தக் காலத்தில்தான் ராத்திரி விழிப்பு அதிகம் வருகிறது. வாய்தாவுக்கு முதல் நாள் கட்டாயம் வரும்.

சித்தி மகளுக்கு வளைகாப்பு வந்தது. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் நான். பத்திரிகை கொடுக்க நேரில் வந்த சித்தி, "நீ கண்டிப்பா வரணும்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை, "வந்து உக்காந்திருந்தாப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசிச் சொல்லின் கரிசனம் மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. சந்தனம் பூச, வளையல் போட, ஆரத்தி எடுக்க என்று பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எதிர் வீட்டு மருமகளைக் கூப்பிட்டார்கள். மதினியின் அந்த அக்காவைக்கூடக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றால் கால் வலிக்கும் என்று என்னை மட்டும் கூப்பிடவில்லை. ஏசி நேராக முகத்தில் அடிக்கிற நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். வளையல் தட்டு என் வரிசைக்கு வந்தபோது அதை ஏந்தி வந்த சிறுமி, யாரோ கண்ணைக் காட்டியதும், என் மடியைத் தாண்டி ஒரு சின்ன வளைவு எடுத்து அடுத்த நாற்காலிக்குப் போனாள். பத்து வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு நாசூக்கு!

சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு மனசு அலையும் என்று மாமா பயந்தார்போல. "கணக்கு வழக்கு தெரிஞ்ச பிள்ள நீ, வா" என்று மொய் நோட்டுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஊர், பேர், தொகை. ஊர், பேர், தொகை. என் முறை வந்தபோது ஐந்நூற்றொரு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். இதுவரைக்கும் எங்கள் மொய் புருஷன் பேரில்தான் எழுதப்பட்டு வந்தது. என் பேர் எந்த நோட்டிலும் கிடையாது. பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்து, "இப்போதைக்குப் பழையபடியே போட்டுரு பாப்பா. திருப்பிச் செய்யறப்ப குழப்பம் வரக் கூடாது" என்றார். குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ள எங்கள் குடும்பத்தில் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதியோடு விட்டுப்போன ஆளின் பேருக்கு ஐந்நூற்றொன்று வரவு வைத்தேன்.

குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பைப் பற்றி இரண்டு வரி. செய்தி பரவிய வாரத்தில் தினமும் காலையில் தாமரைப் பூவும், 'பெண் என்பவள் பொறுமையின் சிகரம்' என்ற வாசகமும் வந்தன. பிறகு குரூப் சத்தமில்லாமல் போய்விட்டது. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று என்னை விட்டுவிட்டு எல்லோரும் வேறொரு குரூப்பில் குடியேறிவிட்டார்கள். பழையதில் நான், அமெரிக்காவில் இருக்கும் ஒரு மச்சான், செத்துப்போன பெரியப்பாவின் நம்பர், மூன்று பேர்தான் பாக்கி. அமைதியாக இருக்கிறது.

எல்லோரையும் புகழ்ந்துகொண்டே போனால் நம்ப மாட்டீர்கள். குறை சொல்ல வேண்டியவர்களும் உண்டு.

எதிர் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா ஒருத்தி. சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு, கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு என் வாசற்படிக்கு வந்துவிடுவாள். அவள் வீட்டு வெளிச்சம் போதாதாம். உட்கார்ந்து கொக்கி தைப்பாள். "நூல் கோத்துக் குடுங்க, கண்ணு தெரியல" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும், "இந்த ஊக்கைக் கொஞ்சம் பிடிங்க" என்றாளே தவிர என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று, யார் மேல் தப்பு, ஜீவனாம்சம் எவ்வளவு என்று அவளுக்கு இன்றுவரை ஒரு வரி தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இப்படியும் ஒரு ஜென்மம்! அவள் வந்து உட்காரும் நாட்களில் நான் நன்றாகத் தூங்கிவிடுகிறேன் என்பது வேறு விஷயம். தூக்கம் வருகிற அளவுக்குச் சுவாரசியமில்லாதவள் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று அந்த 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் பத்தாம் தேதி மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. ஒரு ராத்திரி நெஞ்சடைத்தபோது அழைத்தேன். தமிழா என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்கள். எந்த ஊர்க்காரி, என்ன ஆளுங்க, புருஷன் என்ன பண்ணினார், ஒன்றும் இல்லை. எதிர்முனையில் ஒரு பெண், மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்கச் சொல்லி, கூடவே தானும் எண்ணிக்கொண்டிருந்தாள். பகலில் போய்ப் பார்க்க ஒரு டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டாள். அந்தப் பேச்சில் எனக்கே வெட்கமாக இருந்தது, சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன், கேட்டால்தானே!

டாக்டரும் அதே ரகம். ஜாதகம் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை, மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம், தினம் ஒரே நேரத்தில் எழுந்திரு, வெளியே போய் நட, நம்பிக்கையான ஒருத்தரிடமாவது பேசு என்று எழுதிக் கொடுத்தார். நடந்தேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று நடந்து வீட்டுக்கு வருவதற்குள் மதினி போன். "ரேஸ்கோர்ஸ்ல யாரோடயோ நடந்தீங்களாமே?" முன்னால் நடந்த ஒரு பெரியவரும் பின்னால் நடந்த நானும் ஒரே வட்டத்தில் போனதை யாரோ கவனித்திருக்கிறார்கள். மைதானம் வட்டம் என்பதால் யார் யாரோடு நடக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது கடினம். அதையும் செய்து முடித்திருக்கிறார்கள். அந்த இங்கிலாந்து மந்திரிக்கு இப்படி ஒரு உளவுத்துறை அமைந்திருந்தால் ஒரே வருஷத்தில் இலாகாவை மூடியிருக்கலாம்.

இந்தச் சேவையெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. திருமங்கலத்தில் தூரத்துச் சொந்தம் ஒரு பையன், பெங்களூரில் ஐ.டி. வேலை போய், அதனால் வந்த சண்டையில் பெண்டாட்டியும் போய், அம்மா வீட்டு மாடியறைக்குத் திரும்பி வந்திருக்கிறானாம். கதவைத் திறப்பதில்லையாம், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். நேற்று பெரியம்மா போன் போட்டார். "வண்டில ஒரு சீட்டு இருக்குத்தா. நீயும் வா. அனுபவப்பட்டவ, நீ சொன்னா கேப்பான்." ஆப்பிள் என் பொறுப்பு. கேள்விகளைப் பிரித்தாயிற்று. குடி பெரியம்மாவுக்கு, தொடுப்பு சித்திக்கு. பொம்பளைப் பிள்ளையை அடித்தானா என்று பக்குவமாகக் கேட்க நான்தான் சரியான ஆளாம்.